இருபத்தாறு குழி

காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வெச்சுக்கங்க தம்பி. கீழ பம்பு இருக்கு. சைக்கிள் பம்பு இல்ல, பந்துக்குக் காத்தடிக்கிற பம்பு. நுனியில ஊசி இருக்கு, வளைஞ்சா போச்சு. தஞ்சாவூர்ல நாலு கடை ஏறி எறங்கி வாங்கிட்டு வர்றேன். மடியில இருக்கற பையா? அது வேற. அத அப்புறம் சொல்றேன்.

பி.டி. வாத்தியாரான்னு கேக்குறீங்களே, என் வயித்தப் பாத்துமா கேக்குறீங்க? நான் கணக்கு வாத்தியார். பேரு பக்கிரிசாமி. இருபத்தோரு வருஷ சர்வீஸ். ஆனா பி.டி. பீரியட் பத்திக் கேட்டீங்கன்னா, இந்தத் தாலுகாவுல என் அளவுக்கு அத எடுத்த ஆள் கெடையாது.

எங்க ஸ்கூல்ல ஒன்பதாவதும் பத்தாவதும் சேத்து நாலு செக்‌ஷன். வாரத்துக்கு செக்‌ஷனுக்கு ரெண்டு பி.டி. பீரியட். ஆக மொத்தம் எட்டு. அந்த எட்டையும் இருபத்தோரு வருஷமா நான்தான் எடுத்தேன். ஆமா, கணக்குதான் எடுத்தேன். வேற என்ன எடுக்கறது? புள்ளைங்க வெயில்ல காய்றதுக்கு நிழல்ல உக்காந்து ஒரு தேற்றத்தப் போட்டுப் பாக்கலாமில்ல. இதுக்கு ஒரு எக்ஸ்ட்ரா சம்பளம் உண்டா, ஒரு நன்றி உண்டா? நான் எதிர்பாக்கவும் இல்ல. சேவைன்னு வந்துட்டா அப்படித்தான்.

இந்த ஜூன்ல புதுசா ஒரு பி.டி. டீச்சர் மாத்தலாகி வந்தாங்க. அமலோற்பவம்னு பேரு, வேளாங்கண்ணிப் பக்கம். வந்த ரெண்டாவது நாளே ஸ்டாஃப் ரூம்ல என் மேசைகிட்ட வந்து நின்னாங்க. "சார், ஒன்பதாம் பி-யோட பி.டி. பீரியட்டையாவது எனக்குக் குடுத்துடுங்க சார். மண்டலப் போட்டிக்கு எறிபந்து டீம் போடணும். அந்தப் புள்ளைங்க பந்தத் தொட்டே பாத்ததில்லங்கறாங்க" அப்படின்னாங்க.

"போர்ஷன் முடியட்டும் டீச்சர், தாராளமா எடுத்துக்கங்க"ன்னேன்.

போர்ஷன் எப்ப முடியும்? மார்ச்ல முடியும். போட்டி ஜனவரியில. அந்தம்மா என்ன ஒரு பார்வ பாத்துட்டு, "சரிங்க சார்"னு போயிட்டாங்க. சண்டை போடுற ஆளா இருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இது வெள்ளந்தி மனுஷி. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல.

அப்புறம்தான் எங்க ஹெச்.எம். சம்சுதீன் சார் கால்ல குண்டு விழுந்துச்சு. பயப்படாதீங்க, குண்டு எறிதல்னு வெளையாடுவாங்களே, அந்த இரும்புக் குண்டு. பி.டி. சாமான் வெக்கிற ரூம்னு ஒண்ணு மாடிப்படிக்கு அடியில இருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு. அதுல ஒடஞ்ச பெஞ்சு, பழைய பெல்லு, போன ஆண்டு விழாவுக்குக் கட்டின கிருஷ்ணர் தேரு, அதுக்கு நடுவுல பந்து, நெட்டு, ஈட்டி. ஹெச்.எம். கதவத் தொறந்தாரு, பரண்லேர்ந்து குண்டு எறங்கி வந்து கட்டை விரல்ல உக்காந்துச்சு. மூணு நாள் ஒத்தச் செருப்போட வந்தாரு.

நாலாம் நாள் என்னக் கூப்புட்டாரு. "பக்கிரி, அந்த ரூம ஒழுங்கு பண்ணணும். சாமான் எல்லாம் அடங்கணும், எதுவும் யார் மேலயும் விழக் கூடாது, கேட்ட ஒடனே கைக்கு வரணும். உங்கள மாதிரி கணக்கு தெரிஞ்ச ஆள் கை வெச்சாத்தான் உண்டுன்னு அமலோற்பவம் டீச்சர் சொல்றாங்க"ன்னாரு.

எனக்கு மனசு குளுந்து போச்சு தம்பி. இருபத்தோரு வருஷத்துல எவனாவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா? சயின்ஸ் எடுக்கிற கோவிந்தராசு இருக்கான், என்கிட்ட டீ வாங்கிக் குடிப்பான், ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லமாட்டான்.

சரின்னு எறங்கினேன். தேர வெளிய இழுத்துப் போட்டேன். ரூம அளந்தேன். சாமான எண்ணினேன். பந்து மட்டும் இருபத்தாறு. எறிபந்து பத்து, வாலிபால் எட்டு, புட்பால் நாலு, பேஸ்கட்பால் நாலு. எல்லாத்தையும் நூல் போட்டுச் சுத்தளவு எடுத்தேன். ராத்திரி தூக்கத்துல கூட என் பொஞ்சாதி கேட்டா நான் சுத்தளவு சொல்வேன். பந்துங்கறது என்ன? கோளம். கோளத்த அடுக்கினா நடுவுல சந்து விழும். அந்தச் சந்துல இருக்கறது வெறும் காத்து. சரி, பந்துக்குள்ள என்ன இருக்கு? அதுவும் வெறும் காத்து. காத்துக்குப் போய் எதுக்கு எடம் குடுக்கணும்னு தோணுச்சு பாருங்க, அன்னிக்கு நான் சோறு கூடச் சரியாத் திங்கல.

இருபத்தாறு பந்துலேர்ந்தும் காத்தப் புடுங்கி விட்டேன். மடிச்சு ஊத்தப்பம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். ஒத்தத் தட்டுல மொத்தப் பந்தும் அடங்கிருச்சு. ரூம்ல பாதி எடம் காலி. ஹெச்.எம். பாத்துட்டு என் கையக் குலுக்கினாரு.

அமலோற்பவம் டீச்சரும் வந்து பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "அருமையா இருக்கு சார். எனக்குக் கணக்கு வராது, நீங்கதான் சொல்லணும். புள்ளைங்க வந்து எடுத்தா எவ்வளவு நேரம் ஆகும்?"னாங்க.

நியாயமான கேள்வி. அதுக்கு ஒரு சோதனை வெக்கணும். பி.டி. சாமான எடுத்துப் பாக்கறதுக்கு பி.டி. பீரியட்டுதான சரி? ஒன்பதாம் பி பீரியட்ட நானே விட்டுக் குடுத்தேன். ஒரே ஒரு பீரியட். சோதனைக்குத்தான்.

பம்பு ஒண்ணு, ஊசி ஒண்ணு. ஒரு பந்துக்குக் காத்தடிக்க ஒன்றரை நிமிஷம். இருபத்தாறு பந்துக்கு முப்பத்தொம்பது நிமிஷம். பீரியட் நாப்பது நிமிஷம். கணக்கு சரியா வந்துருச்சு, ஒரு நிமிஷம் மிச்சம் வேற. நான் அத டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க வாட்சப் பாத்தாங்க. "அந்த ஒரு நிமிஷத்துல என்ன சார் வெளையாடலாம்?"னாங்க.

நானும் யோசிச்சேன். ஸ்கிப்பிங் ஆடலாம்னேன்.

நாப்பத்திரெண்டு புள்ளைங்களும் என்னப் பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. அப்பத்தான் எனக்கே பட்டுச்சு, இது எங்கயோ இடிக்குதுன்னு. சரி, திட்டத்த மாத்தணும். மாத்தினா மறுபடி சோதனை வெக்கணும். அதுக்கு இன்னொரு பி.டி. பீரியட் போச்சு. போனாப் போவுதுன்னு விட்டேன்.

ரெண்டாவது திட்டம், பந்துல காத்த அப்படியே விட்டுட்டு அகர வரிசை. லைப்ரரியில வெக்கலியா, அது மாதிரி. இறகுப்பந்து, அடுத்தது ஈட்டி, அடுத்தது எறிபந்து. வரிசைப்படி பாத்தா அதுல தப்பே சொல்ல முடியாது. ஆனா ஈட்டியும் எறிபந்தும் அக்கம்பக்கத்துல குடியிருக்கக் கூடாதுன்னு யாரு கண்டா? ஒரே நாள்ல மூணு எறிபந்து பஞ்சர். டீச்சர் அந்த மூணையும் வரிசையா என் மேசை மேல வெச்சுட்டு, "எனக்குக் கணக்கு வராது சார், பத்துல மூணு போனா எத்தன?"ன்னாங்க. பாவம், நெஜமாவே வராது போல. ஏழுன்னு சொன்னேன். அந்த மூணையும் நானே ஒட்டுப் போட்டு வாங்கிட்டு வந்தேன், அது வேற விஷயம்.

மூணாவது திட்டம்தான் முக்கியம். அடிக்கடி எடுக்கிற சாமான் கைக்கு எட்டுற ஒயரத்துல இருக்கணும். எந்த ஒயரம்? ஒன்பதாம் பி-ய வரிசையா சொவத்தோரம் நிக்க வெச்சு, கையத் தூக்கச் சொல்லி அளந்தேன். நாப்பத்திரெண்டையும் கூட்டி வகுத்து சராசரி எடுத்தேன். அந்தச் சராசரிக்குச் சரியா பலகை அடிச்சேன். முடிஞ்சுதுன்னு நெனச்சா, பாதிப் புள்ளைங்களுக்கு எட்டல.

சிரிக்காதீங்க தம்பி. சராசரின்னா பாதிப் பேரு கீழதான இருப்பான்? எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் போர்டுல நான்தான போடுறேன். போர்டுல போடும்போது அவன் எகிறி எகிறிக் குதிக்கறது தெரியாது.

டீச்சர் ஒரு புள்ளயக் கூட்டிட்டு வந்தாங்க. "இவளுக்கு எட்டுனா எல்லாருக்கும் எட்டும் சார்"னாங்க. அந்த வகுப்புலயே குள்ளம் அதுதான். எனக்கு அவள முப்பத்தெட்டாம் நம்பர்னு தெரியும், பதினேழு மார்க்குன்னு தெரியும். அன்னிக்குத்தான் பேரக் கேட்டேன். "தமயந்தி சார்"னா. மூணு மாசமா என்கிட்டதான் படிக்கிறா.

அவள நிக்க வெச்சு அளந்து பலகைய எறக்கி அடிச்சேன். புள்ளைங்க இன்னிக்கும் அத தமயந்தி பலகைன்னுதான் சொல்லுதுங்க. ஒடஞ்ச பெஞ்சுப் பலகைதான். அதுல வட்டம் வட்டமா இருபத்தாறு குழி வெட்டினேன். காத்தடிச்ச பந்து ஒவ்வொண்ணும் அதது குழியில உக்காரும். ஒண்ணு கொறஞ்சாலும் குழி காட்டிக் குடுத்துரும், எண்ணவே வேணாம். ஈட்டிக்கு மூலையில பிளாஸ்டிக் பைப்பு நட்டேன், அது பாட்டுக்கு நிக்கும். குண்டு தரையில, மணல் தொட்டிக்குள்ள. இனி எந்த ஹெச்.எம். கால்லயும் விழ முடியாது. ரிங்கு, கயிறு, ராக்கெட்டு எல்லாத்துக்கும் சொவத்துல அதது வடிவத்தப் பெயிண்டுல வரைஞ்சு ஆணி அடிச்சேன்.

அப்பவும் கதவுல நெரிசல். உள்ள போறவனும் வெளிய வர்றவனும் முட்டிக்கிட்டான். ரூமுக்கு ஒரு ஜன்னல் இருக்கு. ரேஷன் கடை மாதிரி ஜன்னல் வழியா வாங்கிக்க, கதவு வழியாத் திருப்பி வையின்னேன். பதினோரு நிமிஷம் ஆன வேலை மூணேகால் நிமிஷத்துக்கு வந்துருச்சு. திருப்பி வெக்க இன்னொரு மூணு. கூட்டிக் கழிச்சா முப்பத்துமூணு நிமிஷத்துக்கு மேல சும்மா மிஞ்சுது. இத என்ன பண்றதுன்னு டீச்சரக் கேட்டேன்.

"வெளையாடுவாங்க சார்"னாங்க.

சரி, எப்படியோ பயன்பட்டா சரிதான்னு விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல, "ஒரு செக்‌ஷன வெச்சு மட்டும் முடிவு பண்ணலாமா சார்? பத்தாவது புள்ளைங்க இன்னும் ஒயரமாச்சே?"ன்னு ஒரு சந்தேகம் கேட்டாங்க. கணக்கு வராதுன்னு சொல்ற மனுஷி கேக்குற கேள்வியப் பாருங்க. என்கூடப் பழகின பழக்கம்தான். அதனால நாலு செக்‌ஷனுக்கும் சோதனை வெக்க வேண்டியதாப் போச்சு. வாரா வாரம் எட்டு பீரியட்டும் அதுக்கே ஆச்சு. ஒரு நாள் கோவிந்தராசு பத்தாம் ஏ பி.டி. பீரியட்ல பாடம் எடுக்கறேன்னு வந்து நின்னான். நான் மறிச்சுட்டேன். "யோவ், இங்க சோதனை நடக்குது, இந்தப் பீரியட்டுல கை வெக்காத"ன்னேன். அவன் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "அந்தம்மா உன்ன நல்லா ஏமாத்திட்டாங்கய்யா"ன்னான்.

பொறாமை. வேற என்ன?

எங்க விட்டேன்? ஆங், அந்த ரூம் சாவி. சாவி மொதல்ல டீச்சர்கிட்டதான் இருந்துச்சு. ஒரு நாள் பாக்குறேன், புட்பால் குழியில வாலிபால் உக்காந்திருக்கு. ரெண்டு நாள் கழிச்சு, ரிங்கு மாட்டுற ஆணியில யாரோ டிபன் பாக்ஸ் பைய மாட்டியிருக்காங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போனேன். "ஒண்ணு அந்த ரூம் ஒழுங்கா இருக்கணும், இல்லன்னா சாவி என் கைக்கு வரணும்"னேன். அவரு அந்தம்மாவக் கூப்புட்டு விட்டாரு.

"சார் சொல்றது சரிதான் சார். ஆனா சாவி வெச்சிருக்கறவங்க ஒவ்வொரு பீரியட்டும் வந்து தொறந்து, முடியிற வரைக்கும் நின்னு, பூட்டிட்டுப் போகணுமே. பக்கிரிசாமி சாருக்கு அதெல்லாம் கஷ்டம்"னாங்க.

எனக்கா கஷ்டம்? ஒன்பதும் பத்தும் நான் பாத்துக்கறேன், கீழ் வகுப்பு நீங்க பாத்துக்கங்கன்னு அடிச்சுச் சொன்னேன். ஹெச்.எம்.மும் சரின்னுட்டாரு. சாவிய என் கையில குடுக்கும்போது அந்தம்மா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. தோளு குலுங்குச்சு. அழுதுட்டாங்க போல. எனக்கே சங்கடமாப் போச்சு தம்பி. என்ன இருந்தாலும் அவங்க ரூம் இல்லியா?

ஆனா பாருங்க, முன்னாடியும் அந்த எட்டு பீரியட்ல நான்தான் இருந்தேன். இப்பவும் நான்தான் இருக்கேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. போர்ஷனா? காலையில எட்டேகாலுக்கு வரச் சொல்லி முடிச்சுக்கிட்டு இருக்கேன். என்ன ஆச்சரியம்னா, வர்றானுங்க.

கண்டக்டர், ஒரத்தநாடு தாண்டியாச்சா? நம்ம ஸ்டாப்பு வந்தா சொல்லுங்க.

நேத்து நடந்ததச் சொல்லணும் உங்ககிட்ட. நேத்து வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட், ஒன்பதாம் பி. எறிபந்து டீம் அந்தப் பக்கம் வெளையாடுது, டீச்சர் விசிலோட நிக்கறாங்க. நான் ரூம் வாசல்ல நிக்கறேன். தமயந்தி ஒரு பந்தோட வந்தா. டீம்ல அவ ஒயரத்துக்கு எப்படி எடுத்தாங்கன்னு தெரியல, ஆனா எடுத்திருக்காங்க. "சார், இதுல காத்து சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு தூக்கிப் போட்டா.

எனக்கு அந்தப் பந்தோட சுத்தளவு மனப்பாடம் தம்பி. கன அளவு சொல்லுவேன், புறப்பரப்பு சொல்லுவேன். ஆனா ஒரு பந்து என்னப் பாத்து வந்து நான் அதப் புடிச்சதுங்கறது என் ஜென்மத்துல கெடையாது. நான் படிக்கிறப்ப எங்க பி.டி. பீரியட்டயும் ஒரு கணக்கு வாத்தியார்தான் எடுத்தாரு. பந்து நேரா வந்து வயித்துல பட்டு விழுந்துச்சு.

"கையச் சேத்து வெச்சுக்கங்க சார்"னா. முப்பத்தெட்டாம் நம்பர் எனக்குச் சொல்லித் தருது. சரின்னு சேத்து வெச்சேன். ரெண்டாவது புடிச்சுட்டேன். திருப்பிப் போட்டேன். அவ போட்டா. காத்து சரியா இருக்கான்னு ஒரு தடவயில எப்படித் தெரியும், நாலு தடவ போட்டாத்தான தெரியும்?

பெல் அடிச்சுது. எல்லாம் வந்து பந்த வெச்சுதுங்க. நான் உள்ள போய்ப் பாத்தேன். ஒரு குழி காலி.

விடுவேனா? நாப்பத்திரெண்டு பேரையும் வரிசையா நிக்க வெச்சேன். பந்து வராம ஒருத்தன் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னேன். பைய எல்லாம் கொட்டச் சொன்னேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, வேப்ப மரத்தடி, ஹெச்.எம். ஸ்கூட்டருக்கு அடியில, எல்லா எடத்துலயும் தேடியாச்சு. பஸ்ஸுக்குப் போற புள்ளைங்க அழுவுற மாதிரி நிக்குதுங்க. அமலோற்பவம் டீச்சர் விசிலப் பல்லுல கடிச்சுக்கிட்டு நின்னாங்க. கோவத்துல யார்றா எடுத்ததுன்னு கத்துறேன்.

தமயந்திதான் மெதுவா வந்தா. "சார், உங்க கக்கத்துல"ன்னா.

குனிஞ்சு பாத்தேன். இருந்துச்சு.

நாப்பத்திரெண்டும் சிரிச்சிருக்கணும். ஒண்ணு கூடச் சிரிக்கல, எனக்கு அதுதான் தாங்கல. டீச்சர்தான் கிட்ட வந்து, "எத்தன தடவ சார் போட்டுப் புடிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. நான் எண்ணல தம்பி. ரூம்ல எத்தன ஆணின்னு கேளுங்க, சொல்றேன். இந்த பஸ்ஸுல எத்தன கம்பின்னு கேளுங்க, ஏறும்போதே எண்ணிட்டேன். அத மட்டும் நான் எண்ணல. எண்ணணும்னே தோணல.

கடைசிக் குழியில அந்தப் பந்த வெச்சுப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி பொஞ்சாதிகிட்ட சொன்னா, அவ கோவிந்தராசு கட்சி. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த டீச்சர ஒரு நாள் சாப்பிடக் கூப்புடுங்க"ங்கறா. எதுக்குன்னு தெரியல. கூப்புடத்தான் போறேன்.

திங்கக்கிழமை ரெண்டாவது பீரியட் ஒன்பதாம் பி. பம்பு ஸ்கூலுக்கு. இருக்கற ஒண்ணு போதல.

இந்தப் பையா? இதுல ஒரு எறிபந்து. நான் வாங்கினது. இருபத்தேழாவது. இதுக்கு ரூம்ல குழி இல்ல, நான் வெட்டப் போறதும் இல்ல. எங்க வெப்பீங்கன்னு கேக்குறீங்க. அது இன்னும் போட்டுப் பாக்காத கணக்கு.

நம்ம ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தப் பம்ப எடுத்துக் குடுங்க, ஊசி ஜாக்கிரதை. பந்த நீங்க பையிலேர்ந்து எடுத்துக்கங்க, கையில பம்பு இருக்கறப்ப அதோட படியில எறங்க எடைஞ்சல். நீங்க வாசப்படி ஓரந்தான உக்காந்திருக்கீங்க? நான் மொதல்ல கீழ எறங்கி, பம்ப ஓரமா வெச்சுட்டுத் திரும்பறேன். நீங்க அங்கேர்ந்தே பந்தத் தூக்கிப் போடுங்க தம்பி. நான் புடிச்சுக்குவேன்.